நாற்பதில் வாத்தியார் வேலை, இருபதில் ஒரு வழக்கு

ஆசிரியர் தேர்வு அறிவிக்கை வந்துவிட்டால் காரைக்குடி பிரவுசிங் சென்டர்களில் உட்கார இடம் கிடைக்காது. மார்க் ஷீட், சாதிச் சான்றிதழ், போட்டோ எல்லாம் கையில் வைத்துக்கொண்டு வரிசையில் நிற்பார்கள். கீபோர்டு தட்டுகிற பையன் பெயர் கேட்பான், பிறந்த தேதி கேட்பான், மதிப்பெண் கேட்பான். "உங்கள் மீது குற்ற வழக்கு ஏதேனும் உள்ளதா?" என்ற கட்டம் வரும்போது மட்டும் யாரையும் கேட்கமாட்டான். 'இல்லை' என்று அவனே அழுத்திவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவான். வருகிறவர்களில் பெரும்பாலோருக்கு அது சரியான பதில்தான். இருபது வருடத்துக்கு முன்னால் ஓர் அடிதடி வழக்கில் தண்டனை வாங்கியவருக்கு, அந்த வழக்கைவிட இந்த ஒரு கிளிக்தான் பெரிய வினை.

தண்டனை பெற்றவர் ஆசிரியராகவே முடியாது என்று ஊரில் பலர் சொல்வார்கள். அது தவறு. இத்தனை வருடம் கழிந்தால் தானாக அழிந்துவிடும் என்று சொல்கிறவர்களும் உண்டு. அதுவும் தவறு. பழைய தண்டனை காலாவதியாகிவிடும் என்று நம் நாட்டில் பொதுவான சட்டம் கிடையாது. முப்பது வருடம் ஆனாலும், கேட்டால் 'ஆம்' என்றுதான் சொல்ல வேண்டும். 2016-ல் அவதார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு இதற்கெல்லாம் வரையறை கொடுத்தது. படிவத்தில் தருகிற தகவல் உண்மையாக இருக்க வேண்டும். இளவயதில் கோஷம் போட்டது போன்ற சில்லறை வழக்கை ஒருவர் சொல்லாமல் விட்டிருந்தால், வேலை தருபவர் அதைப் பெரிதுபடுத்தாமல் விடலாம். கனமான வழக்கை மறைத்திருந்தால் வேலையிலிருந்து நீக்கலாம். உண்மையைச் சொன்னவருடைய பின்னணியையும் பரிசீலிக்க வேலை தருபவருக்கு உரிமை உண்டு. வேலை கொடுத்தே ஆகவேண்டும் என்று கட்டாயப்படுத்த முடியாது. குறிப்பாகக் கேட்காத ஒன்றைச் சொல்லவில்லை என்பதற்காக மறைத்தார் என்றும் சொல்ல முடியாது. அதாவது, உண்மையைச் சொன்னால் வேலை உறுதி என்று இந்தத் தீர்ப்பு சொல்லவில்லை. மறைத்தால் எந்த நாளும் உறுதியில்லை என்பது மட்டும் தெளிவு.

ஆகவே பி.எட். கல்லூரியில் பணம் கட்டுவதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. உங்கள் வழக்கு உண்மையில் என்ன ஆனது என்று காகிதத்தில் பார்க்க வேண்டும். இதில் பலர் நினைத்துக்கொண்டிருப்பது ஒன்று, நீதிமன்றத்தின் வழக்குக் கட்டில் இருப்பது வேறு.

"ஒரு கேஸ் இருந்துச்சு சார், அபராதம் கட்டி முடிச்சாச்சு" என்பார்கள். குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டினால் அது தண்டனை. வழக்கு 'முடிந்தது' என்பதால் விடுதலை ஆகிவிடாது. சீட்டாட்ட வழக்கில் வரிசையாக நிற்க வைத்து ஆளுக்கு இவ்வளவு என்று கட்டச் சொன்னதும் அப்படித்தான். "கோர்ட்டு கலையிற வரைக்கும் நின்னுட்டு வந்துட்டேன், ஜெயிலுக்கெல்லாம் போகலை" என்பவர்களும் உண்டு. நீதிமன்றம் கலையும் வரை என்பது சிறைத் தண்டனை வகையைச் சேர்ந்தது, நேரம்தான் குறைவு. படிவத்தில் 'சிறைத் தண்டனை உண்டா' என்று கேட்டிருந்தால் அதையும் எழுதத்தான் வேண்டும்.

தண்டனையே இல்லாமல் தண்டனை இருப்பதாக இருபது வருடம் பயந்துகொண்டிருப்பவர்களும் இருக்கிறார்கள். திருவிழாத் தகராறில் இரண்டு தரப்பையும் கோட்டாட்சியரிடம் கொண்டுபோய், பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் பிரிவு 107-ல் பிணை எழுதி வாங்கியிருப்பார்கள். அது வருமுன் காக்கும் நடவடிக்கை, குற்றத் தீர்ப்பு அல்ல. சமரசம் ஆகக்கூடிய பிரிவில் இரு தரப்பும் நீதிமன்றத்திலேயே ராஜியாகப் போயிருந்தால் சட்டத்தின் கண்ணில் அது விடுதலை. புகார் பதிவாகி 'மேல் நடவடிக்கை கைவிடப்பட்டது' என்று முடிந்திருந்தால் குற்றப்பத்திரிகையே இல்லை. சிராவயல், கண்டரமாணிக்கம், அரளிப்பாறை பக்கம் இது அடிக்கடி வருகிற சந்தேகம். 2014 மே மாதம் வந்த ஜல்லிக்கட்டுத் தடைக்கும் 2017 ஜனவரியில் வந்த சட்டத் திருத்தத்துக்கும் இடையில் மஞ்சுவிரட்டில் மாடு அவிழ்த்ததாக ஸ்டேஷனில் பெயர் எழுதிக்கொண்டு போனார்கள், பிறகு என்ன ஆனது என்றே தெரியாது என்பார்கள். பெயர் எழுதியதற்கும் தண்டனைக்கும் நடுவில் நாலைந்து படி இருக்கிறது. எந்தப் படியில் நின்றது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

அதைப் பார்ப்பதற்கு முதலில் குற்ற எண் (எஃப்.ஐ.ஆர். எண்), காவல் நிலையம், வருடம் இந்த மூன்றும் வேண்டும். சிறைத் தண்டனை விதித்திருந்தால் அன்றைக்கே தீர்ப்பு நகல் இலவசமாகத் தந்திருக்க வேண்டும். வீட்டு டிரங்குப் பெட்டியை ஒரு தடவை கவிழ்த்துப் பார்ப்பது நல்லது. ஜாமீன் மனு, சம்மன், அபராத ரசீது எது கிடைத்தாலும் அதில் எண் இருக்கும். சி.சி. என்று போட்டிருந்தால் முறையான விசாரணை வழக்கு, எஸ்.டி.சி. என்றால் சுருக்க விசாரணை. நீதிமன்றங்களின் இணையதளத்தில் பெயர் வைத்தும் தேடலாம். ஆனால் பழைய வழக்குகள் பல அதில் ஏறியிருக்காது. அங்கே ஒன்றும் வரவில்லை என்பதை வைத்து வழக்கே இல்லை என்று முடிவு கட்டக்கூடாது.

எண் கிடைத்ததும் அந்த நீதித்துறை நடுவர் நீதிமன்றத்தில் நகல் மனு போட வேண்டும். செட்டிநாடு இரண்டு மாவட்டத்தில் கிடப்பதால் இங்கே ஒரு தடுமாற்றம் வரும். ஆள் இருப்பது காரைக்குடியாக இருக்கும், சம்பவம் ராயவரம் பக்கம் நடந்திருக்கும். அப்படியானால் கட்டு சிவகங்கை மாவட்ட நீதிமன்றங்களில் இராது, புதுக்கோட்டை மாவட்டத்துக்குப் போக வேண்டும். நகல் மனு போட்ட பிறகு நகல் பிரிவின் அறிவிப்புப் பலகையை விடாமல் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். எவ்வளவு கட்ட வேண்டும் என்று அங்கே ஒட்டுவார்கள், குறித்த நாளுக்குள் கட்டாவிட்டால் மனு தள்ளுபடியாகும். வக்கீல் குமாஸ்தாவிடம் சொல்லிவிட்டு மறந்துபோவதால்தான் பல நகல் மனுக்கள் வீணாகின்றன.

கட்டு அழிக்கப்பட்டுவிட்டது என்று சொன்னால் வெறுங்கையோடு திரும்பி வராதீர்கள். சிறு வழக்குகளின் கட்டை நீதிமன்றம் ஒரு காலத்துக்குப் பிறகு அழிப்பது வழக்கமான நடைமுறைதான். மனுவை எழுத்தில் கொடுத்து, 'கட்டு அழிக்கப்பட்டது' என்ற மேலெழுத்தோடு திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். அந்தத் தாளும் ஓர் ஆவணம். வழக்குப் பதிவேட்டில் தீர்ப்பு வரி இன்னும் இருக்கலாம், அதற்கும் நகல் கேட்கலாம். போலீஸ் பக்கத்துக்குத் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. 10 ரூபாய் கோர்ட் ஸ்டாம்பு ஒட்டி, மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு, இந்தக் குற்ற எண்ணின் இறுதி நிலை என்ன என்று ஒரே கேள்வி கேளுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். கேள்வி ஐந்தாறு ஆனால் பதிலும் சுற்றும்.

தீர்ப்பு நகல் கைக்கு வந்ததும் கடைசிப் பக்கத்தைப் படியுங்கள். எந்தப் பிரிவில் குற்றவாளி, எந்தப் பிரிவில் விடுதலை, தண்டனை என்ன என்பது அங்கேதான் இருக்கும். எஃப்.ஐ.ஆரில் ஐந்து பிரிவு போட்டிருந்தாலும் தண்டனை ஒன்றில் மட்டும் இருக்கலாம். படிவத்தில் அந்த ஒன்றைத் தண்டனை என்றும், மற்றவற்றில் விடுதலை என்றும் பிரித்து எழுத வேண்டும். 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக பாரதிய நியாய சன்ஹிதா வந்து, காயப்படுத்தியதற்கான 323 என்பது 115(2) ஆகவும், ஆயுதத்தால் காயப்படுத்தியதற்கான 324 என்பது 118(1) ஆகவும் மாறிவிட்டது. நீங்கள் தீர்ப்பில் உள்ள பழைய எண்ணையே எழுதுங்கள். புதிதாக மாற்றி எழுதினால் சரிபார்ப்பவர் இரண்டு வழக்கு என்று நினைத்துக்கொள்வார்.

கடைசிப் பக்கத்தில் தேட வேண்டிய இன்னொன்று, 1958-ஆம் வருடக் குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டம். பிரிவு 3-ன் கீழ் எச்சரித்து விட்டிருந்தாலோ, பிரிவு 4-ன் கீழ் நன்னடத்தைப் பிணையில் விட்டிருந்தாலோ, பிரிவு 12 உங்களுக்குத் துணை. தண்டனையால் சட்டப்படி வரக்கூடிய தகுதிக்குறைவு உங்களைத் தொடாது என்கிறது அது. குற்றம் நிரூபணமானது என்ற உண்மை மட்டும் அப்படியே இருக்கும், கேட்டால் சொல்லத்தான் வேண்டும். ஆனால் அடுத்த வரியிலேயே பிரிவு 12-ஐயும் எழுதலாம். இந்த வரியை எழுதாமல் விட்டுவிட்டு நேர்காணலில் தவிப்பவர்கள் அதிகம்.

சம்பவத்தின்போது பதினெட்டு நிரம்பவில்லை, இளைஞர் நீதிக் குழுமத்தில் வழக்கு முடிந்தது என்றால் கதையே வேறு. 2015 இளைஞர் நீதிச் சட்டத்தின் பிரிவு 24 தகுதிக்குறைவை நீக்குகிறது. பிரிவு 74, முடிந்த வழக்கின் பதிவை நடத்தைச் சான்றுக்காகப் போலீஸ் வெளியிடக் கூடாது என்கிறது. பதினாறு நிரம்பி, கொடுங்குற்றத்தில் பெரியவராக விசாரிக்கப்பட்டவருக்கு மட்டும் விலக்கு. தேவையில்லாமல் இதை எழுதிக்கொடுத்துத் தன் தலையில் தானே மண்ணைப் போட்டுக்கொள்வதற்கு முன்னால் வக்கீலிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். காரைக்குடி, தேவகோட்டையில் வட்டச் சட்டப்பணிகள் குழுவும் சிவகங்கையில் மாவட்ட ஆணைக்குழுவும் இருக்கின்றன. 15100 என்ற எண்ணிலும் கூப்பிடலாம். பெண்கள், பட்டியலினத்தார், வருமானம் குறைந்தவர்களுக்கு வக்கீல் கட்டணம் இல்லை.

குழந்தைகளுக்கு எதிரான குற்றத்திலோ பாலியல் குற்றத்திலோ தண்டனை பெற்றவருக்கு இந்தக் கட்டுரையில் வழி ஏதும் இல்லை. பள்ளிக்கூடம் அவர் போகிற இடம் இல்லை. திருட்டு, மோசடி, போலி ஆவணம் ஆகியவை ஒழுக்கக்கேடு என்ற வகையில் வருவதால் அரசுப் பணியில் மிகக் கடினம். ஒரே அடி கைகலப்பு, சாலை மறியல், வண்டி விபத்து இவற்றுக்குத்தான் பேச இடம் உண்டு. காசோலை வழக்கு இந்தப் பக்கத்துக்கே உரிய தலைவலி. வட்டிக்கடை, சீட்டு, அரிசி ஆலைக் கொள்முதல் என்று கொடுத்த செக்கு திரும்பி, மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் பிரிவு 138-ல் தண்டனை ஆகியிருக்கும். மேல்முறையீட்டில் இருக்கும்போதுகூட சமரசம் செய்துகொள்ள அதில் வழி உண்டு. பணம் கட்டி முடித்திருந்தும் சமரசத்தை நீதிமன்றத்தில் பதிவு செய்யாமல் விட்டிருந்தால் தண்டனை அப்படியே நிற்கிறது என்று அர்த்தம். நடுவர் நீதிமன்றம் தந்த தண்டனைக்கு மேல்முறையீட்டுக் காலம் 30 நாள். தாமதத்தை மன்னிக்க மனுப் போடலாம், ஆனால் இருபது வருடத்துக்குக் காரணம் சொல்ல வேண்டும். குற்றத்தை ஒப்புக்கொண்டவர் தண்டனையின் அளவையும் சட்டப்பொருத்தத்தையும் பற்றி மட்டுமே மேல்முறையீடு செய்ய முடியும். இதில் பணத்தைக் கொட்டுவதைவிட விளக்கக் கடிதத்தை ஒழுங்காக எழுதுவது மேல்.

இனிப் படிப்பு. வயதைப் பற்றிப் பயப்பட வேண்டாம். 2023 அரசாணைக்குப் பிறகு ஆசிரியர் நேரடி நியமனத்துக்கு உச்ச வயது பொதுப் பிரிவுக்கு 53, மற்றவர்களுக்கு 58. ஓய்வு வயது 60. பி.எட். சேர உச்ச வயது இல்லை. பட்டப்படிப்பில் பொதுப் பிரிவுக்கு 50 சதவீதம், பிற்படுத்தப்பட்டோருக்கு 45, மிகப் பிற்படுத்தப்பட்டோருக்கு 43, பட்டியலினத்தாருக்கு 40 இருந்தால் போதும். காரைக்குடியிலேயே அழகப்பாவின் கல்வியியல் கல்லூரி இருக்கிறது, புதுக்கோட்டையில் அரசு கல்வியியல் கல்லூரி இருக்கிறது. ஒன்று முதல் ஐந்து வகுப்புக்குப் பாடம் எடுக்க பி.எட். உதவாது. 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அதை முடித்துவைத்தது, தொடக்கக் கல்விப் பட்டயம்தான் வேண்டும். ஆசிரியர் தகுதித் தேர்வில் தேறினால் சான்று ஆயுளுக்கும் செல்லும், ஆனால் அது வேலை உத்தரவு ஆகாது. 2018-லிருந்து அதற்கு மேல் போட்டித் தேர்வும் எழுத வேண்டும்.

வயதானவர்கள் வழுக்கி விழுகிற இடம் வேறு. பத்தாவதோடு நின்று, பன்னிரண்டு படிக்காமல், திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் நேரே டிகிரி வாங்கியிருப்பார்கள். 2009 அரசாணைப்படி அந்த டிகிரி அரசுப் பணிக்குச் செல்லாது. வழக்கைப் பற்றிப் பத்து வருடம் கவலைப்பட்டவர் இதைக் கடைசியில் தெரிந்துகொள்வது கொடுமை. இரண்டையும் ஒரே வாரத்தில் பார்த்துவிடுங்கள்.

இரண்டு வருடமும் வேலை பார்த்துக்கொண்டே படிக்கலாம் என்ற கணக்கு உதவாது. வகுப்புக்கு 80 சதவீத வருகை, பள்ளிப் பயிற்சிக்கு 90 சதவீதம் வேண்டும். பள்ளிப் பயிற்சி மொத்தம் 20 வாரம். முதல் வருடம் நான்கு, இரண்டாம் வருடம் பதினாறு. அந்தப் பதினாறு வாரமும் கடையையோ பட்டறையையோ யார் பார்ப்பது என்று முன்னாலேயே முடிவு செய்துவிட வேண்டும். போக்சோ விதிகள் 2020, பிள்ளைகளோடு தொடர்பில் வருகிற பணியாளர்களைக் காவல் சரிபார்ப்புக்கு உட்படுத்தச் சொல்கிறது. அதனால் உங்கள் வழக்கைப் பற்றிய கேள்வி வேலைக்குப் போகும்போதுதான் வரும் என்றில்லை, பயிற்சிப் பள்ளியின் வாசலிலேயே வரலாம்.

விளக்கக் கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்டக் கூடாது. காவல் நிலையம், குற்ற எண், நீதிமன்றம், வழக்கு எண், பிரிவு, தீர்ப்புத் தேதி, தண்டனை, அதை நிறைவேற்றிய தேதி ஆகியவற்றை முதல் பத்தியிலேயே எழுதிவிட வேண்டும். அடுத்து என்ன நடந்தது என்று மூன்றே வரி. "கோயில் திருவிழாவில் ஏற்பட்ட வாய்த்தகராறில் எதிர்த்தரப்பைச் சேர்ந்தவரைக் கையால் அடித்தேன். குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் செலுத்தினேன். அப்போது எனக்கு வயது 21." இவ்வளவு போதும். 'பொய் வழக்கு', 'பங்காளிகள் சதி', 'போலீஸ் மிரட்டி ஒப்புக்கொள்ள வைத்தது' என்றெல்லாம் எழுதினால் படிப்பவர் உங்களைவிட்டுத் தீர்ப்பை நம்புவார். கடைசியாக, அதற்குப் பின் எந்த வழக்கும் இல்லை என்ற வரியும், அது உண்மை என்பதற்குச் சமீபத்திய காவல் சரிபார்ப்பு அறிக்கையும். தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்திலேயே தன்னைப் பற்றித் தானே சரிபார்ப்புக்கு விண்ணப்பிக்கலாம். முதலில் அதைப் போட்டுவிட்டால் பதிவில் என்ன தெரிகிறது என்பது உங்களுக்கு முன்கூட்டியே தெரிந்துவிடும்.

உதவிபெறும் பள்ளியிலும் தனியார் பள்ளியிலும் யாரிடம், எப்போது சொல்வது என்பது பெரிய கேள்வி. மாதிரி வகுப்பு எடுத்துக் காட்டிய பிறகு, உத்தரவு டைப் ஆவதற்கு முன்னால் சொல்வதுதான் சரியான நேரம். தாளாளரிடமும் தலைமையாசிரியரிடமும் மட்டும் சொன்னால் போதும், ஆசிரியர் அறைக்குத் தெரிய வேண்டியதில்லை. இங்கே பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் போகும்.

"ஐயா, ஆர்டர் போடுறதுக்கு முன்னாடி ஒரு விஷயம் சொல்லிடணும். இருபத்தொரு வயசுல ஒரு அடிதடி கேஸ்ல அபராதம் கட்டியிருக்கேன். தீர்ப்பு நகல் இதுல இருக்கு."

"அடிதடியா? யாரோட, தம்பி?"

இந்த 'யாரோட'தான் எங்கள் ஊர்க் கேள்வி. அவருக்குப் பிரிவு எண்ணில் அக்கறை இல்லை. அடி வாங்கியவர் வீட்டுப் பிள்ளை நம் பள்ளியில் படிக்கிறதா, நாளைக்கு அந்த அப்பச்சி வந்து வாசலில் நிற்பாரா என்று கணக்குப் போடுகிறார். கோட்டையூரும் பள்ளத்தூரும் கானாடுகாத்தானும் கூப்பிடு தூரத்தில் இருக்கிற நாட்டில் அது நியாயமான கணக்கும்கூட. அந்த வீட்டோடு இன்று பேச்சுவார்த்தை உண்டா இல்லையா என்பதை நேராகச் சொல்லிவிடுங்கள். பேச்சு இல்லையென்றால் இல்லை என்றே சொல்லலாம்; சமாதானமாகிவிட்டதாகக் கதை கட்டினால் சாயந்திரத்துக்குள் தெரிந்துவிடும். வாய்ப்பேச்சோடும் நிறுத்தக் கூடாது. கடிதத்தை இரண்டு பிரதி கொண்டுபோய், ஒன்றில் 'பெறப்பட்டது' என்று தேதியோடு பள்ளி முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். நிர்வாகம் மாறும், தாளாளர் மாறுவார். உதவிபெறும் பள்ளியில் நியமன ஒப்புதலுக்குக் கோப்பு மாவட்டக் கல்வி அலுவலரிடம் போகும். அன்றைக்கு 'மறைத்துவிட்டார்' என்று யாராவது மொட்டைக் கடிதம் போட்டால் அந்த முத்திரைதான் பேசும்.

காவல் சரிபார்ப்பில் ஒரு வில்லங்கம் இந்த மண்ணுக்கே உரியது. தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கிற வழக்கத்தால் ஒரே தெருவில் பங்காளி வீடுகளில் ஒரே பெயரில் மூன்று பேர் இருப்பார்கள், சிலருக்கு இனிஷியலும் ஒன்றாக அமைந்துவிடும். கணினியில் தேடும்போது சித்தப்பா மகனுடைய வழக்கு உங்கள் கணக்கில் வந்து உட்கார்ந்துகொள்ளும். ஏற்கெனவே ஒன்று இருப்பவருக்கு இன்னொன்றும் சேர்ந்தால் விளக்கம் கேட்கக்கூட மாட்டார்கள். அப்பா பெயரை முழுதாகவும், பிறந்த தேதி, வீட்டுக் கதவு எண் எல்லாவற்றையும் சேர்த்தும் எழுதிக் கொடுங்கள். விசாரிக்க வருகிற காவலரிடமும் பழைய வழக்கை நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள். 'வழக்கு இல்லைன்னு பார்த்துப் போட்டுக்கலாம்' என்று யார் சொன்னாலும் மாட்டிக்கொள்ளாதீர்கள். நீங்கள் படிவத்தில் 'ஆம்' என்று எழுதி, அறிக்கை 'இல்லை' என்று வந்தால் இரண்டும் முரண்பட்டு, கோப்பு அங்கேயே தூங்கிவிடும். ஹிஸ்டரி ஷீட், அதாவது ஒருவரைத் தொடர்ந்து கண்காணிக்கக் காவல் நிலையம் வைக்கிற பதிவு, திறந்திருந்தால் அது தண்டனையிலிருந்து தனி. அதை முடிக்கச் சொல்லிக் காவல் கண்காணிப்பாளருக்கு மனு கொடுக்க வேண்டும், மறுத்தால் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை இருக்கிறது.

பிரவுசிங் சென்டருக்கே திரும்ப வருவோம். 'கைது செய்யப்பட்டது உண்டா', 'வழக்கு நிலுவையில் உண்டா', 'தண்டனை உண்டா' என்று தனித்தனியாகக் கேட்டிருந்தால் தனித்தனியாகப் பதில் சொல்லுங்கள். நிலுவையில் இல்லை, ஆனால் தண்டனை உண்டு என்பது சரியான பதில்தான். கோடு போட்டு விடுவதும் காலியாக விடுவதும் மறைத்ததாகவே பார்க்கப்படும். இறுதியாகச் சமர்ப்பிப்பதற்கு முன்னால் முன்னோட்டத்தை அச்செடுத்து, வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, அந்தக் கட்டத்தை விரலால் தொட்டுப் படியுங்கள். "சீக்கிரம் சார், சர்வர் போயிடும்" என்று பையன் அவசரப்படுத்துவான். போகட்டும், நாளைக்கு வந்து போட்டுக்கொள்ளலாம்.

வேலையில் சேர்ந்த பிறகும் அந்தக் கோப்பு வேண்டியிருக்கும். பணி வரன்முறை, பதவி உயர்வு, பள்ளி மாற்றம் என்று மறுபடி மறுபடி கேட்பார்கள். ஒவ்வொரு தடவையும் அதே வார்த்தைகளில் எழுத வேண்டும் என்பதால் முதல் கடிதத்தின் நகல் கையில் இருக்கட்டும். தீர்ப்பின் சான்றிட்ட நகலை மட்டும் லேமினேட் செய்துவிடாதீர்கள். முத்திரையைத் தடவிப் பார்த்துச் சரிபார்க்கிற அலுவலர்கள் பிளாஸ்டிக்குக்குள் இருப்பதை வாங்க மாட்டார்கள். வெயில் படாத அலமாரியில், துளை போடாமல், உறையில் போட்டு வையுங்கள். அப்படியே இரண்டாவதாக ஒரு சான்றிட்ட நகலும் கேட்டு வாங்கி வையுங்கள். கட்டு அழிந்த பிறகு மூன்றாவது கிடைக்காது.